ஆகாய விமான விசிறியின் வேகத் தடுமாற்றம்

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையிற் சங்ககிரி மலைக்கோட்டையின் அடிவாரத்தைக் கடந்து செல்வோர், சாலையின் இருமருங்கிலும் நிற்கும் லாரிகளையும் அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் காணாதிரார். லாரித் தொழிலாற் பெயர்பெற்ற இவ்வூரிலும், லாரிக்குக் கூண்டு கட்டும் நாமக்கல்லிலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டிலும் பிறந்து வளர்ந்த மாணவர்க்கு டீசல் எஞ்சினின் ஓசை இளமைதொட்டே பழக்கமானது. எஞ்சின் சீராக ஓடுகின்றதா, ஏறியும் இறங்கியும் ஓடுகின்றதா என்பதை அவர்தம் செவியே பிரித்தறியும். வேகம் நிலைகொள்ளாது அலையும் அவ்வியல்பைப் பட்டறைக்காரர் 'ஹன்டிங்' என்பர். பம்பிலுள்ள கவர்னரைப் பார்க்கவேண்டும் என்றும் உடனே கூறுவர்.

இதே நோய் விசிறி பூண்ட ஆகாய விமானத்திற்கும் உண்டு. அதற்கும் கவர்னர் என்னும் கருவி உண்டு. ஆயினும், லாரிக்கு இந்நோய் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். வானிற் பறப்பதை அவ்வாறு நிறுத்திப் பார்த்தல் இயலாது. ஆதலின் அங்கே காரணத்தை ஆராயும் முறை இன்னும் ஒழுங்குடையதாயிருத்தல் வேண்டும். விசிறியின் வேகம் ஏன் தடுமாறுகின்றது, அதன் மூலத்தை எவ்வரிசையில் தேடிக் காண்பது என்பவற்றை நம் பகுதி மாணவர் அறிந்த பொருள்களைக் கொண்டே விளக்குதல் இவ்வியாசத்தின் நோக்கமாம்.

விசிறி விமானம் பழங்காலத்துப் பொருள் என்று எவரும் எண்ணவேண்டா. ஓமலூரையடுத்த கமலாபுரத்தில் 1993-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சேலம் விமான நிலையத்திற்கு, 2018 மார்ச்சு மாதத்தில் உடான் திட்டத்தின்கீழ்ச் சென்னையிலிருந்து வந்திறங்கியது ஏ.டி.ஆர். 72 என்னும் இரட்டை விசிறி விமானமே. இடையில் நின்றுபோன அச்சேவை 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியபோதும் அவ்வினத்து விமானங்களே வந்தன. குறுகிய தூரத்திற்கும் சிறிய ஓடுதளத்திற்கும் விசிறியே சிக்கனமானது. ஆதலால் இப்பொருள் நம் வாயிலண்டையிலேயே இருப்பதாகும்.

1. கவர்னர் என்பது யாது?

1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் என்பார் தம் நீராவி யந்திரத்திற்கு இரு இரும்புக் குண்டுகளைக் கொண்ட கருவியொன்றை அமைத்தார். யந்திரம் விரைந்தால் சுழலும் குண்டுகள் வெளிநோக்கி விரியும். அவ்விரிவு நீராவியின் வாயிலைச் சிறிது மூடும். யந்திரம் தளர்ந்தால் குண்டுகள் ஒடுங்கும். வாயில் சிறிது திறக்கும். இவ்வாறு யந்திரம் தன்னைத்தானே காவல்செய்து கொண்டது. நம் தோட்டங்களில் நீர் இறைத்த ஆயில் எஞ்சினிலும், பழைய லாரியின் டீசல் பம்பிலும் இக்குண்டுகளின் பேரப்பிள்ளைகளே இருந்தன. சுமை கூடி வேகம் குறைந்தால் எண்ணெயை மிகுதியாக விடுதலும், சுமை நீங்கி வேகம் ஏறினால் எண்ணெயைக் குறைத்தலும் அவற்றின் வேலையாயிருந்தன. புதிய லாரிகளில் அவ்வேலையை மின்னணுக் கருவி ஏற்றுக்கொண்டது. செய்பவர் மாறினரேயன்றி வேலை மாறவில்லை.

விமான விசிறியின் கவர்னர் இவற்றோடு ஒருவகையில் ஒத்ததும் ஒருவகையில் வேறுபட்டதுமாம். லாரியின் கவர்னர் எரிபொருளை மாற்றி வேகத்தைக் காக்கின்றது. விமானத்தின் கவர்னரோ எரிபொருளைத் தொடுவதேயில்லை; அது விசிறியின் சுமையை மாற்றி வேகத்தைக் காக்கின்றது. இவ்வொரு வேற்றுமையை நன்கு மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

2. இதழ்களின் கோணமும் லாரியின் கியரும்

விசிறியின் இதழ் காற்றை வெட்டும் சாய்வை இதழ்க்கோணம் என்போம். கோணம் சிறிதாயின் இதழ் காற்றை மெல்லியதாகச் சீவும், சுமை குறைவு, எஞ்சின் எளிதில் விரைந்து சுழலும். கோணம் பெரிதாயின் ஒவ்வொரு சுற்றிலும் மிகுந்த காற்றைப் பின்தள்ளும், சுமை மிகுதி, எஞ்சினின் சுழற்சி தளரும். தொப்பூர்க் கணவாயில் ஏறும் லாரி தாழ்ந்த கியரிலும், சமவெளியிற் செல்லும்போது உயர்ந்த கியரிலும் ஓடுதலை இதனோடு ஒப்பிடுக. தரையினின்று எழும்பும்போது சிறுகோணமும், உயரத்தில் விரைந்து செல்லும்போது பெருங்கோணமும் விமானத்திற்குத் தக்கனவாம்.

கோணம் மாறாத விசிறியுடைய சிறு விமானங்கள் பல உள. அவை ஒரே கியர் பூட்டிய வண்டி போன்றன. மூக்கைத் தாழ்த்தினால் சுழற்சி ஏறும், உயர்த்தினால் இறங்கும், இஃது இயல்பேயன்றி நோயன்று. கோணம் மாறும் விசிறியிலோ, விமானி ஒரு கைப்பிடியால் நிமிஷத்திற்கு இத்துணைச் சுற்று என்று குறித்துவிட்டால், ஏறினும் இறங்கினும் அவ்வேகத்தையே காத்தல் கவர்னரின் கடமையாகும்.

அது கடமையாற்றும் விதம் வருமாறு. எஞ்சினாற் சுழற்றப்படும் இரு சிறு குண்டுகள் ஒருபுறமும், விமானியின் கைப்பிடி அழுத்தும் ஸ்பிரிங் மறுபுறமுமாக நின்று, நடுவிலுள்ள சிறு வால்வை இருபாலும் இழுக்கின்றன. குறித்த வேகத்தில் இரண்டும் சமமாக நிற்க, வால்வு மூடிக்கிடக்கும். வேகம் மிகுந்தால் குண்டுகள் வெல்லும். குறைந்தால் ஸ்பிரிங் வெல்லும். வால்வு நகருமிடத்து எண்ணெய் விசிறியின் குடத்திற்குள் பாயும், அல்லது வெளியேறும். எஞ்சினிலிருந்து சதுர அங்குலத்திற்குச் சுமார் 60 ராத்தல் அழுத்தத்தில் வரும் எண்ணெயைக் கவர்னரினுள் இருக்கும் சிறு பம்பு சுமார் 300 ராத்தல் அளவிற்கு உயர்த்திக் கொடுக்க, அவ்வெண்ணெய் குடத்தினுள் உள்ள பிஸ்டனைத் தள்ளி இதழ்களைத் திருப்புகின்றது.

ஒற்றை எஞ்சின் விமானங்களிற் பெரும்பாலானவற்றில் எண்ணெயின் அழுத்தம் இதழைப் பெருங்கோணத்திற்குத் திருப்பும். எண்ணெய் நீங்கின் இதழ் தானே சிறுகோணத்திற்கு மீளும். இரட்டை எஞ்சின் விமானங்களில் இது பெரும்பாலும் தலைகீழாம். எண்ணெய் நீங்கின் எதிரெடைகளும் ஸ்பிரிங்கும் இதழைப் பெருங்கோணத்திற்கும், அதற்கப்பாற் காற்றோட்டத்திற்கு நேராக நிற்கும் 'ஃபெதர்' நிலைக்கும் கொண்டுசெல்லும். ஓர் எஞ்சின் அணைந்தால் அவ்விசிறி காற்றைத் தடுத்து விமானத்தை இழுத்துவிடாமைப் பொருட்டே இவ்வேற்பாடு. எண்ணெய்க் கசிவால் ஒரு விமானத்தில் வேகம் ஏறுவதும் மற்றொன்றில் இறங்குவதும் இதனாலேயாம். இதனை அறியாது ஆராயப் புகுவோர் நேர் எதிரான முடிவிற்கு வருவர்.

3. தடுமாற்றத்தின் வேர்

காவல் செய்வதற்கென்றே வைத்த கருவி எவ்வாறு தடுமாற்றத்தை விளைவிக்கும் என்று ஐயுறலாம். ஸ்டியரிங்கில் ஆட்டம் விழுந்த லாரியை ஓட்டிய எவரும் இதற்கு விடை கூறுவர். வண்டி இடப்புறம் சாய, ஓட்டுநர் வலப்புறம் திருப்புகின்றார். ஆட்டம் தீரும்வரை சக்கரம் திரும்புவதில்லை. ஆதலால் மேலும் திருப்புகின்றார். சக்கரம் பிடிக்கும்போது திருப்பியது மிகையாகி, வண்டி வலப்புறம் ஓடுகின்றது. அதனைத் திருத்தப்புகும்போது இடப்புறம் ஓடுகின்றது. ஓட்டுநர் குருடருமல்லர், சோம்பருமல்லர். அவர் திருத்தம் காலந்தாழ்ந்து போய்ச் சேர்வதே குற்றம்.

கவர்னரும் அத்தகைய ஓட்டுநரே. அது வேகத்தை அறிகின்றது, வால்வை நகர்த்துகின்றது, எண்ணெய் பாய்கின்றது, இதழ் திரும்புகின்றது, சுமை மாறுகின்றது, வேகம் மாறுகின்றது, மாறிய வேகத்தை மீண்டும் அறிகின்றது. இஃது ஒரு வட்டம். இவ்வட்டத்தில் எவ்விடத்தேனும் தாமதமோ, ஆட்டமோ, பற்றிக்கொண்டு பின் திடீரென விடும் உராய்வோ, பொய்ச் செய்தியோ புகுந்தால், திருத்தம் காலங்கடந்து சேர்ந்து, அலைவு தோன்றும். எத்தகைய கவர்னர் அலைவை அடக்கும், எத்தகையது அதனை வளர்க்கும் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையிற் கணித வாயிலாக ஆராய்ந்தார். தற்கால மின்னணுக் கட்டுப்பாட்டுச் சாத்திரத்திற்கு அக்கட்டுரை முதல்நூல்களுள் ஒன்றாகும்.

நோயின் தோற்றம் மூவகைப்படும். குறித்த வேகத்திற்கு மேலும் கீழுமாக ஒரே தாளத்தில் ஓயாது ஆடுதல் ஒன்று. இதனை அலைவு எனலாம். திடீரென ஏறியோ இறங்கியோ, ஒன்றிரண்டு முறை துள்ளிப் பின் அடங்குதல் மற்றொன்று. இதனைத் துள்ளல் எனலாம். விமானத்தின் வேகத்தைப் பின்பற்றி, இறங்கும்போது ஏறியும் ஏறும்போது இறங்கியும் சுழற்சி நழுவிச் செல்லுதல் மூன்றாவது. இதனை நழுவல் எனலாம். இம்மூன்றையும் 'வேகம் சரியில்லை' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் பயனற்றது. எவ்வுயரத்தில், எவ்வேகத்தில், எண்ணெய் எத்துணைச் சூட்டில் இருக்கையில், எத்தனைச் சுற்று ஏறி இறங்கிற்று என்று விமானி எழுதிக் கொடுப்பாராயின், பொறியாளருக்குப் பாதி வேலை முடிந்தது எனலாம்.

4. மூன்று வினாக்கள்

முதல் வினா: தடுமாறுவது விசிறியா, முள்ளா? வேகமானியின் முள் ஆடுதல் கண்டு விசிறியே ஆடுகின்றது என்று துணிதல் கூடாது. பழைய விமானங்களில் வேகமானிக்குச் செய்தி கொணர்வது சுழலும் கம்பி. அது மசகின்றி உலர்ந்தாலும் வளைந்து மடிந்தாலும் முள் துடிக்கும். வேகம் மெய்யாகவே மாறினால் ஓசை மாறும். ஆதலின் முள் ஆடும்போது காதைக் கேட்கவேண்டும். ஓசை சீராக இருக்க, முள் மட்டும் ஆடுமாயின் நோய் கருவியினிடத்தது. ஐயம் தீராவிடின், இதழ்கள் கடப்பதை ஒளியால் எண்ணும் தனிக் கருவியொன்றால் அளந்து இரண்டையும் ஒப்பிடலாம். செலவற்ற இச்சோதனையை விடுத்து விலையுயர்ந்த பாகத்தைக் கழற்றுதல் அறிவுடைமையாகாது.

இரட்டை எஞ்சின் விமானத்திற் காதுக்கு மற்றொரு துணையும் உண்டு. மூன்றிதழ் விசிறியொன்று நிமிஷத்திற்கு 2400 சுற்றும், மற்றது 2410 சுற்றும் ஓடுவதாகக் கொள்வோம். முதல் விசிறியின் இதழ்கள் விநாடிக்கு 120 முறையும், இரண்டாவதன் இதழ்கள் 120.5 முறையும் காற்றை அறைகின்றன. வேறுபாடு அரை முறையே. ஆயினும் இரண்டு விநாடிக்கு ஒருதரம் ஓசை பெருகித் தணிதலைப் பயணியும் கேட்கலாம். இப்பெருக்கமும் தணிவும் ஒரே இடைவெளியில் வருமாயின் இரு விசிறியும் நிலையாகவே ஓடுகின்றன; அவை ஒத்து ஓடவில்லை என்பதே பொருள். இடைவெளி மாறிக்கொண்டே வருமாயின் ஏதோ ஒன்று அலைகின்றது.

இரண்டாம் வினா: அவ்வேளையிற் கவர்னர் பணியிலிருந்ததா? இவ்வினாவே எல்லாவற்றினும் கூர்மையானது. விசிறிக் கைப்பிடியை முற்றும் முன்தள்ளி, த்ராட்டிலைக் குறைத்துத் தரையில் எஞ்சினை மெதுவாக ஓட்டும்போது, இதழ்கள் சிறுகோண எல்லையில் முட்டி நிற்கும். அந்நிலையில் விசிறி கோணம் மாறாத விசிறியே. கவர்னர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அப்போதும் வேகம் தடுமாறுமாயின் குற்றம் எஞ்சினிடத்தது: எரிபொருளில் நீர், வெப்பத்தால் எரிபொருட் குழாயில் உண்டாகும் ஆவி, அடைபட்ட ஊசித்துளை, தளர்ந்த மாக்னெட்டோ என்று அப்பக்கம் தேடவேண்டும். அங்கே சீராக ஓடி, கவர்னர் பணியேற்கும் வேகத்தில் மட்டும் தடுமாறுமாயின், எஞ்சினை விடுத்து விசிறியின் வட்டத்திற்குள் தேடலாம். ஒரேயொரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றது.

மூன்றாம் வினா: வட்டத்தில் எவ்விடம்? ஈண்டு எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் முறையாம். முதலாவது, விமானியின் கைப்பிடியிலிருந்து கவர்னர் வரை செல்லும் கம்பியும் அதன் மூட்டுக்களும். மூட்டில் ஆட்டம் விழுந்தால் எஞ்சினின் அதிர்ச்சியே கவர்னருக்கு ஆணை பிறப்பிக்கும். இரண்டாவது, எண்ணெய். அது குறைந்து காற்றை உறிஞ்சினாலும், குளிர்ந்து கெட்டியாயிருந்தாலும் இதழ் காலத்திற் திரும்பாது.

மூன்றாவது, குடத்திற்குள் அடைபட்ட காற்று. விசிறியையோ கவர்னரையோ புதிதாகப் பூட்டியபின் துள்ளல் தோன்றினால் முதலில் இதனையே ஐயுறுக. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். டீசல் குழாயிற் காற்றுப் பிடித்தால் ஏர் எடுக்காமல் வண்டி ஓடாது என்பதைக் கிளீனர் வேலைக்கு வந்த சிறுவனும் அறிவான். விமானத்தில், எஞ்சின் சூடேறிய பின் விசிறிக் கைப்பிடியைப் பின்னிழுத்து முன்தள்ளுதலைச் சிலமுறை செய்தால் எண்ணெய் உட்சென்று மீண்டு காற்றை வெளியேற்றிவிடும். அதன்பின்னும் துள்ளல் திரும்பி வருமாயின் கவர்னர்மேல் ஐயம் வலுக்கின்றது.

நான்காவது, கவர்னரும் எஞ்சினும் கூடுமிடத்தில் உள்ள சிறு வடிகட்டியும், வால்வும். பழைய எண்ணெயின் வண்டலும் நுண்ணிய உலோகத் துகளும் வால்வைப் பற்றிக்கொள்ளும். பற்றிய வால்வு நகரவேண்டிய வேளையில் நகராது, பின் ஒரேயடியாகப் பாயும். விமானப் பெட்ரோலிற் கலந்துள்ள ஈயமும் வண்டலைப் பெருக்கும்; சுழலும் குடம் தயிர் கடையும் மத்துப் போல அதனைப் பிரித்துத் தன்னகத்தே சேர்த்துவைக்கும். ஐந்தாவது, எண்ணெய் எஞ்சினின் நிலையான உடலிலிருந்து சுழலும் தண்டிற்குள் கடக்கும் பேரிங். அது தேய்ந்தால் கவர்னர் அனுப்பும் எண்ணெயில் ஒரு பங்கு வழியிலேயே ஒழுகிவிடும். ஓட்டைக் கமலையால் நீர் இறைப்பது போன்ற இந்நிலையில், கவர்னர் எத்துணைப் புதியதாயினும் வேகம் நழுவும். ஆறாவது, இதழ்களின் அடிப்பேரிங்கில் உராய்வு. இவை யாவும் சரியாயிருப்பின் மட்டுமே கவர்னரின் குண்டுகளும் ஸ்பிரிங்கும் பம்பும் தேய்ந்தனவா என்று பார்க்க அதனைக் கழற்றவேண்டும்.

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரே வகைக் கவர்னர்கள் இருக்குமாயின் பொறியாளர் கையாளும் உபாயமொன்றுண்டு: இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுதல். நோய் கவர்னரைப் பின்தொடர்ந்து சென்றால் கவர்னரே குற்றவாளி. பழைய எஞ்சினிலேயே தங்கிவிட்டால் கவர்னர் குற்றமற்றது. ஆனால் ஒருவேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். கம்பி, கவர்னர், எண்ணெய் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நோய் நீங்கினாலும் நீங்கக் காரணம் யாதென்று தெரியாது. அது மீண்டும் வரும்போது முன்போலவே இருளில் நிற்போம். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த வரிசையும், நோயை அறிந்தபின் அதன் மூலத்தை அறிந்து, அதன்பின்னரே தணிக்கும் வழியை நாடுவதன்றோ?

5. ஏன் இத்துணைக் கவலை?

சில சுற்றுக்கள் ஏறி இறங்குவதால் என்ன கேடு என்று கேட்போர் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். நிமிஷத்திற்கு 2400 சுற்று என்பது விநாடிக்கு 40 சுற்று. நடுவிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு கிலோ எடையுள்ள உலோகம் அவ்வேகத்தில் மூன்று டன்னுக்கு மேற்பட்ட விசையோடு வெளிநோக்கி இழுக்கின்றது. இவ்விசை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுமாதலின், வேகம் நூற்றுக்குப் பத்து மிகுந்தால் விசை நூற்றுக்கு 21 மிகும். சேலத்திற்கு வந்த ஏ.டி.ஆர். 72-600 விமானத்தின் விசிறி ஆறு இதழ்களும் ஏறத்தாழ 3.93 மீட்டர் விட்டமும் உடையது. முழுவேகத்தில் நிமிஷத்திற்கு 1200 சுற்றும், நெடும்பறப்பில் அதில் நூற்றுக்கு 82 பங்காகிய 984 சுற்றும் சுழலும். முழுவேகத்தில் இதழின் நுனி விநாடிக்குச் சுமார் 247 மீட்டர் விரைகின்றது. இத்தகைய பொருளில் வேகம் எல்லை கடப்பதைச் சிறிதென்று கொள்ளலாகாது. வானில் அவ்வாறு நேர்ந்தால், த்ராட்டிலைக் குறைத்து, விமானத்தின் முன்னோட்ட வேகத்தையும் தணித்து, அண்மையிலுள்ள நிலையத்தை நாடுதலே விமானியின் பொதுக் கடமை.

இன்னும் நுட்பமானது ஒன்றுண்டு. வேகம் தடுமாறாதிருத்தலும் நலத்திற்கு அடையாளமாகாது. கார்புரேட்டரிற் பனி பிடித்து எஞ்சின் வலுவிழக்கத் தொடங்கினால், கோணம் மாறாத விசிறியிற் சுழற்சி குறைந்து விமானியை எச்சரிக்கும். கோணம் மாறும் விசிறியிலோ, வலிமை குறையக் குறையக் கவர்னர் இதழ்க்கோணத்தைக் குறைத்துச் சுமையை இறக்கிவிடும். வேகமானியின் முள் அசையாது நிற்கும். எசமானின் துயரத்தை வெளியே காட்டாத வேலைக்காரனைப் போலக் கவர்னர் எஞ்சினின் நோயை மறைத்துவிடுகின்றது. ஆதலின் விமானி வேகமானியோடு மானிஃபோல்டு அழுத்தத்தைக் காட்டும் கருவியையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நோய் அங்கேதான் முதலில் தோன்றும்.

ஒரு கருவியின் செய்தியை மற்றொன்றோடு சேர்த்துப் படியாமையால் எத்துணைத் தீங்கு விளையும் என்பதற்கு நேபாளத்துப் பொக்காராவில் 2023 ஜனவரி 15-ஆம் நாள் நேர்ந்த விபத்தே சான்று. யேட்டி நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானம் இறங்கும் தறுவாயில், சிறகின் பின்மடிப்பை இறக்கும் கைப்பிடிக்கு மாறாக, விசிறிகளுக்குரிய இரு கைப்பிடிகளும் ஃபெதர் நிலைக்கு இழுக்கப்பட்டன என்பது விசாரணைக் குழுவின் முடிவு. எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, விசிறிகளின் வேகமோ நூற்றுக்கு 25-க்கும் கீழே வீழ்ந்தது, உந்துவிசை அற்றது. எஞ்சினில் வலிமை இல்லை என்பது விமானிகட்குத் தெரிந்தும், அதன் காரணம் கைப்பிடியின் நிலையே என்பது காலத்தில் தெரியவில்லை. விமானத்திலிருந்த 72 பேரும் உயிரிழந்தனர். அவருள் ஐவர் இந்தியர். அங்கே யந்திரத்திற் குற்றம் ஒன்றும் இல்லை. யந்திரம் இட்ட ஆணையை அப்படியே நிறைவேற்றிற்று. எனவே, காரணத்தைத் தேடுவோர் பாகங்களை மட்டுமன்றிக் கைப்பிடிகள் எந்நிலையில் உள்ளன என்பதையும் முதலிலேயே பார்த்தல் இன்றியமையாதது.

6. நூலறிவும் கையறிவும்

திருச்சிராப்பள்ளிப் புனித வளனார் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்ற டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், அதனையடுத்துப் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிற் பயிற்சி பெற்றார். அங்கே பிஸ்டன் எஞ்சினையும் டர்பைன் எஞ்சினையும் பிரித்துப் பழுதுபார்க்கும் குழுவில் உழைத்ததையும், விசிறியை ஃபெதர் நிலைக்குக் கொண்டுசென்று மீட்கும் முறையைக் கற்றதையும் தம் வாழ்க்கை வரலாறாகிய 'அக்கினிச் சிறகுகள்' என்னும் நூலில் நினைவுகூர்கின்றார். இதழ்க்கோணத்தை அடக்கியாளும் நுண்கலையை அத்தொழிற்சாலையின் தொழிலாளரே தமக்குச் செய்துகாட்டினர் என்றும், பெரிய பல்கலைக்கழகங்களிற் படியாத அவர்கட்குப் பல்லாண்டு கைப்பழக்கத்தால் அவ்வேலையின் உள்ளியல்பு விளங்கியிருந்தது என்றும் அவர் கூறுவது நம் சிந்தனைக்குரியது. பிற்காலத்தில் இந்நாட்டின் குடியரசுத் தலைவரான அவ்வறிஞர், பாடநூலில் வாசித்த பொருளின் உயிரை எண்ணெய் தோய்ந்த கைகளிடமிருந்தே பெற்றார்.

அத்தகைய கைகள் சங்ககிரியிலும் சுற்றுவட்டாரத்திலும் குறைவல்ல. எஞ்சின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தே பம்பிலா, குழாயிலா, வடிகட்டியிலா குற்றம் என்று சொல்லும் மெக்கானிக், மாக்ஸ்வெல்லின் சமன்பாட்டைக் கண்டிரார். சமன்பாட்டைத் தேர்விற் பிழையின்றி எழுதும் மாணவன் ஒரு கவர்னரையேனும் கையில் எடுத்துப் பார்த்திரான். இருவரும் சந்திக்காதது இருவர்க்கும் இழப்பாம். மெக்கானிக்கின் செவிக்கு நோய் உண்டு என்பது தெரியும். ஆனால் பழக்கமில்லாத புதிய யந்திரம் வந்தால் அச்செவி திகைக்கும். மாணவனுக்கு வட்டத்தின் பொதுவிதி தெரியும். ஆனால் எங்கே தொடுவது என்பது தெரியாது. பொதுவிதியை அறிந்த செவியே லாரியிலிருந்து விமானத்திற்கும், விமானத்திலிருந்து மின்நிலையத்துச் சுழலிக்கும் அச்சமின்றிச் செல்லவல்லது.

விமானத் தொழிலில் மற்றுமொரு நல்வழக்கம் உண்டு. அது நம் பட்டறைகளுக்கும் பொருந்தும். அங்கே செய்த பழுது ஒவ்வொன்றையும் எழுதி, லைசென்சு பெற்ற பொறியாளர் கையொப்பமிட்டாலன்றி விமானம் எழும்பாது. இன்னது கண்டேன், இன்னது சோதித்தேன், இன்னது மாற்றினேன், அதன்பின் இன்னவாறு ஓடிற்று என்னும் நான்கு வரிகள் அடுத்து வருபவனுக்குப் பெருஞ்செல்வம். எழுதப்படாத அனுபவம் அதனையுடையவனோடு மறைந்துவிடும். லாரிப் பட்டறை ஒவ்வொன்றிலும் இத்தகைய குறிப்பேடொன்று இருப்பின், வண்டி உரிமையாளரின் பொருளும், ஓட்டுநரின் உயிரும், பழகுவோரின் காலமும் ஒருங்கே காக்கப்படும்.

மாணவ நண்பர்காள்! வேகம் தடுமாறும் யந்திரத்தின்முன் நிற்க நேரும்போது விலை மிகுந்த பாகத்தின்மேற் பழிசுமத்த விரையற்க. தடுமாற்றம் மெய்யா என்று கேளுங்கள். கவர்னர் பணியிலிருந்ததா என்று கேளுங்கள். வட்டத்தில் எவ்விடத்தில் திருத்தம் தாழ்கின்றது என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை எழுதிவையுங்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பழைய டீசல் பம்பொன்றைப் பிரித்துவைத்திருக்கும் பட்டறைக்குச் சென்று, அதிலுள்ள இரு குண்டுகளையும் காட்டும்படி அங்குள்ள பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் மறாது காட்டுவார். வானிற் செல்லும் விசிறியைக் காக்கும் கருவியின் உறவு உங்கள் உள்ளங்கையிலேயே கிடப்பதை அப்போது காண்பீர்கள்.